தோரி வாசலுக்கு இந்தப் பக்கம்

சகாய், ஒசாகா
ஷோவா 38 (1963), ஏப்ரல் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

மிசாவோ எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நீ ஒன்றைப் பற்றி எழுதவில்லை என்றால் அது கூடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இப்போது சேதி. எனக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது. இவ்வளவு நாள் மூடி வைத்தேன் என்று கோபப்படாதே. ஒகயாமா மாமா சாவுக்கு ராத்திரி ரயிலில் போய்த் திரும்பி, மூன்றாம் நாள் நான் பட்டதை நீ கூடவே இருந்து பார்த்தாய். இந்த முறையும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. ரயில் கூடாது, மனதைக் கலக்கும் எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் மாப்பிள்ளை தோகுஜி என்னை ஒரு வாளித் தண்ணீர் தூக்க விடுவதில்லை. சைக்கிள் பட்டறையில் முதலாளி போடுகிற சத்தத்தை எல்லாம் வீட்டில் வந்து என்மேல் போடுகிறார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வயிற்றில் கட்டும் வெள்ளைத் துணியை நம் கடற்கரைக் கோயிலில் இருந்தே வாங்கி அனுப்பு. பஞ்சாங்கத்தில் வரும் அடுத்த நாய் நாளில் நீயே போய்ப் பூசை செய்து வாங்க வேண்டும். “நாய் மாதிரி சுளுவா பெத்துப் போட்டுடலாம்னு நெனப்பா?” என்று இவர் கேலி செய்கிறார். செய்யட்டும். இங்கேயும் பெரிய கோயில் இருக்கிறது. ஆனால் அது எனக்கு யாரோ வீட்டுச் சாமி மாதிரி இருக்கிறது. நீ என்னைத் தூக்கிப்போன வாசல், உன்னை உன் அம்மா தூக்கிப்போன வாசல் நம் ஊரில்தான் இருக்கிறது. உடைந்த கப்பலின் பாய்மரத்தில் செய்த அந்தத் தோரி வாசலைத் தாண்டி வந்த துணிதான் எனக்கு வேண்டும்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம். அதே கோயிலில் என் கல்யாணத்தன்று அவர் செய்தது இன்னும் ஆறவில்லை. பெண்ணின் தகப்பன் சாமி முன்னால் அரிசி மதுக் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் மாமியார் மடியில் கொட்டினார். ஒரே ஒரு நாள் குடிக்காமல் இருந்திருக்கக் கூடாதா? அந்த வாசலில் வைத்து நான் சொன்னதை ஊரே கேட்டது. “இனிமே இதத் தாண்டி உள்ள வராதீங்க.” சொன்னது சொன்னதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகள்,
மிசாவோ

---

ஏப்ரல் 24

மிசாவோ கண்ணுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முட்டிவலி எங்கே போனதென்றே தெரியவில்லை. ஐந்து மாதம் மூடி வைத்திருக்கிறாய், கல்நெஞ்சக்காரி. இருந்தாலும் நல்லது செய்தாய். முன்பே தெரிந்திருந்தால் நான் ரிகுவிடம் உளறியிருப்பேன். கோயில் வாசலில் டீக்கடை வைத்திருப்பவளிடம் ஒன்றைச் சொன்னால் அது மறுநாள் மீன் சந்தைக்குப் போய்விடும்.

இதோடு துணியை அனுப்பியிருக்கிறேன். நாய் நாளன்று காலையிலேயே போனேன். வாசலில் தலை குனிந்து, கல்தொட்டியில் கை கழுவி, வாய் கொப்பளித்து, மேலே ஏறினேன். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, உன் பேரைச் சொன்னேன். நம் அம்மனுக்கு உன்னை நன்றாக நினைவிருக்கிறது. துணி முனையில் சிவப்பு முத்திரை இருக்கிறது. அது உள்பக்கம் வருகிற மாதிரி கட்டு. இறுக்கிவிடாதே.

பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைத்திருப்பாய். வேண்டாம், கண்ணே. கூரை ஒழுகுகிறது. ரயில் கூடாது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். நேரம் நெருங்கும்போது நானே அங்கே வந்துவிடுகிறேன்.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறாய். எழுதவில்லை.

கடற்பாசி காய்ந்ததும் அனுப்புகிறேன். கருவாடு தின்று உப்பை ஏற்றிக்கொள்ளாதே.

அம்மா,
தோயோ

---

ஏப்ரல் 24, சாயங்காலம்

மிசாவோ,

இதை நான் தபாலில் போடப் போவதில்லை. வாயை அடக்க முடிகிறது, கையை அடக்க முடியவில்லை. எழுதிவிட்டு அடுப்பில் போட்டுவிடுவேன்.

உன் அப்பா போய்விட்டார். உன் கடிதம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. படகுப் பட்டறையில் ரத்தமாக வாந்தி எடுத்துக் கிடந்தார். ரிகு ஓடி வந்து சொன்னாள். வீட்டுக்குத் தூக்கி வரச் சொன்னேன். உன் கல்யாணத்திலிருந்து ஆறு வருடம் அந்தப் பட்டறையில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருந்த மனிதர், நம் வீட்டுப் பாயில் இரண்டு நாள் இருந்தார்.

நீ மாசமாக இருப்பதைச் சொன்னேன். நீ சொல்லாதே என்றாய், நான் சொன்னேன். சிரித்தார். பிறகு கேட்டார். “தோயோ, மிசாவோவுக்கு ஒரு தந்தி குடு. வந்தா ஒரு தடவ பாத்துக்கறேன்.”

தபாலாபீஸ் வரைக்கும் போனேன். வாசலில் நின்றேன். உன் போன பிள்ளை கண்முன் வந்தது. ரயிலும் சாவு வீடும்தான் அதைக் கொண்டுபோயின. திரும்பி வந்துவிட்டேன்.

“குடுத்தியா?” என்றார்.

“குடுத்துட்டேன். வர்றா.”

“எந்த பஸ்ல?”

“காலைப் பஸ்ல.”

அதற்குப் பிறகு திருப்பத்தில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையை வாசல் பக்கம் திருப்பினார். “இதுல வந்துட்டாளா?” என்று கேட்டார். “அடுத்ததுல வருவா” என்றேன். எத்தனை தடவை சொன்னேனோ. கடைசியில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். தெரிந்துகொண்டாரா, சக்தி இல்லாமல் போனதா என்று எனக்குத் தெரியாது.

மேட்டுப் புத்த மடத்தில் காரியம் முடிந்தது. வீட்டுச் சாமி மாடத்துக்கு வெள்ளைத் தாள் ஒட்டி மூடியிருக்கிறேன். ஐம்பது நாள் எனக்குத் தீட்டு. கோயிலுக்கு நான் எப்படிப் போவேன்? நாய் நாளன்று ரிகுதான் உள்ளே போய்த் துணி வாங்கி வந்தாள். நான் தோரிக்கு வெளியே ரோட்டில் நின்றேன். கை கழுவினேன், கை தட்டினேன் என்று உனக்கு எழுதியதெல்லாம் பொய். புருஷனிடம் ஒரு பொய், மகளிடம் ஒரு பொய். இந்த வயதில் நல்ல பிழைப்பு.

துணி மட்டும் சுத்தமானது. நான் தொடக்கூட இல்லை. ரிகுவே மடித்துக் கட்டினாள்.

அம்மா

---

சகாய்
ஜூலை 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். வயிறு பெரிய பூசணி மாதிரி இருக்கிறது. குனிந்து செருப்புப் போட முடியவில்லை. உள்ளே இருப்பது ராத்திரியெல்லாம் உதைக்கிறது. தோகுஜி குறட்டை விடும்போது இன்னும் பலமாக உதைக்கிறது. அதற்கும் பொறுக்கவில்லை.

உன்மேல் ஒரு குறை. அடுத்த வீட்டுப் பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள். நீ கூரை, கூரை என்கிறாய். இரண்டு மாதமாகவா ஒரு கூரையைச் சரி செய்ய முடியவில்லை? அப்பா படகுக்குத் தார் பூசுகிறவர், ஒரு நாள் வந்து அடைத்துக் கொடுக்க மாட்டாரா?

அவர் பேச்சு வந்துவிட்டது. அதற்குத்தான் இந்தக் கடிதமே.

மாதம் பிறந்தால் துணியைக் கட்டிக்கொண்டு இங்கே கோயிலுக்குப் போய்விடுகிறேன். போன வாரம் அங்கே ஒரு கிழவர், திருவிழாப் பல்லக்குக்குப் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வாயில் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அப்பாவே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. திருவிழாவில் பல்லக்கின் முன்கொம்பு எப்போதும் அவருடைய தோளில்தானே இருக்கும். நான் ரிகு கடை மேல் ஏறி நின்று கத்துவேன். அவர் நிமிர்ந்து என்னைத் தேடுவார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சாமியிடம் பிள்ளைக்கு வேண்டியதும் அவருக்கும் வேண்டிக்கொண்டேன். குடியை விடட்டும், உடம்பு நன்றாக இருக்கட்டும் என்று.

அம்மா, அப்பாவிடம் சொல்லு. பேரனோ பேத்தியோ வரப்போகிறது என்று சொல்லு. பிள்ளைக்குச் சட்டை பின்னி மிஞ்சிய கம்பளியில் அவருக்கு ஒரு வயிற்றுப் பட்டை பின்னியிருக்கிறேன். பட்டறையில் காற்று அடிக்கும். கொடுத்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் எழுது.

மிசாவோ

---

ஜூலை 15

மிசாவோ கண்ணுக்கு,

கடிதமும் பொட்டலமும் கிடைத்தன. கோயிலுக்கு நடந்து போகாதே, வெயில் கொளுத்துகிறது. அங்கே படிகளும் அதிகம் என்று கேள்வி. கொஞ்ச நாள் கோயிலுக்கே போகாமல் இரு. வீட்டிலிருந்து கும்பிட்டால் போதும்.

அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். வயிற்றுப் பட்டையைக் கட்டிப் பார்த்தார். அளவு சரியாக இருக்கிறது.

கூரையை அடைத்துவிட்டேன். ஆனாலும் வராதே. வேலை கிடக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

அம்மா

---

சகாய்
செப்டம்பர் 10

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ வந்து இருபது நாள் எனக்குச் செய்துவிட்டுப் போனதற்கு நன்றி என்று எழுதினால் நீ திட்டுவாய். எழுதவில்லை. மியோ நன்றாகப் பால் குடிக்கிறாள். மூக்கு அப்பாவுடையது என்று தோகுஜியே ஒப்புக்கொண்டுவிட்டார்.

இருந்த நாளெல்லாம் நீ என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பிள்ளையை மட்டும்தான் பார்த்தாய். அப்பாவைப் பற்றிக் கேட்டால் துணி அலசப் போய்விட்டாய். அவருக்கு வர மனமில்லையா? என்மேல் இன்னும் கோபமா? இருக்கட்டும், நியாயம்தான். அதை நானே தீர்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் கடைசியில் மியோவை முதல்முறை கோயிலுக்குக் காட்ட ஊருக்கு வருகிறோம். நம் கோயிலுக்குத்தான். அப்பாவை நல்ல சட்டை போட்டுக்கொண்டு தோரி வாசலில் வந்து நிற்கச் சொல். எங்கே வைத்து வராதீங்க என்று சொன்னேனோ அதே இடத்தில், அதே ஜனங்கள் முன்னால், “உள்ள வாங்கப்பா” என்று கூப்பிடப் போகிறேன். பிள்ளையை அவர்தான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கை நடுங்கினால் நான் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறேன்.

பட்டை அளவு சரியாக இருக்கிறது என்று நீ எழுதியதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். கண்ணாலே பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று, கை எப்படியோ அளவை மறக்கவில்லை.

மிசாவோ

---

செப்டம்பர் 18

மிசாவோ,

உட்கார்ந்துகொள். பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டுப் படி. பக்கத்தில் மாப்பிள்ளை இருந்தால் நல்லது.

ஏப்ரலில் எழுதி அடுப்பில் போடாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்திருந்த ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. பிறகு இதற்கு வா.

படித்திருப்பாய்.

நீ இரட்டை உயிராக இருக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கெஞ்சிச் சொல்லி வைத்தேன். உன் ஜூலைக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். செத்தவருக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று என் மகள் சாமியிடம் கேட்டிருக்கிறாள். தகப்பன் செத்த தீட்டோடு மாதா மாதம் தோரியைத் தாண்டியிருக்கிறாள். செய்ய வைத்தவள் நான். வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று தூக்கமே போய்விட்டது. பூசாரியிடம் போய் அழுதேன். அவர் சொன்னார்: “காதுல விழுந்த நாள்லருந்துதாம்மா கணக்கு. தெரியாதவளுக்குத் தீட்டு கெடையாது. அவ மேல குத்தமில்ல.” உன்மேல் குற்றமில்லை என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆக, இந்தக் கடிதத்தைப் படிக்கிற இன்றுதான் உனக்கு முதல் நாள்.

“கோயிலுக்குப் போய்ட்டு வரட்டும் அக்கா, அப்பறமா சொல்லிக்கலாம். புள்ளையத் தானே தூக்கிட்டு உள்ள போவட்டும்” என்று ரிகு படித்துப் படித்துச் சொன்னாள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் நீ வாசலில் வந்து அவரைத் தேடுவாய். நல்ல சட்டை போட்ட ஆளைக் கூட்டத்தில் தேடுவாய். பஸ் சத்தத்துக்கு அவர் தலையைத் திருப்பியதைப் பார்த்தவள் நான். இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் ஆகாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. மறைத்தால் அதுவும் பொய்யாகிவிடும். நாய் நாளன்று நான் ரோட்டில் நின்றேன் அல்லவா, ரிகு துணியோடு திரும்பி வந்து என்னைப் பார்த்துத் திகைத்துவிட்டாள். “அக்கா, சரியா அண்ணன் நிக்கற எடத்துலயே நிக்கறியே” என்றாள். நீ சொன்ன நாளிலிருந்து அவர் அந்த வாசலைத் தாண்டவில்லையாம். தினமும் வேலைக்குப் போகும்போது, சைக்கிளை அவள் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு, கல்விளக்குத் தூணுக்கும் வாசலுக்கும் நடுவில் ரோட்டோரம் நின்று, அங்கிருந்தே குனிந்து கை தட்டுவாராம். திருவிழாவில்கூடப் பல்லக்கு வெளியே வந்த பிறகுதான் தோள் கொடுத்தாராம், திரும்பி உள்ளே போகும்போது வாசலில் வேறு ஆளிடம் மாற்றிவிடுவாராம். “ஏண்ணே, அவ ஏதோ கோவத்துல சொன்னா, நீங்க உள்ள போங்களேன்” என்று ரிகு ஒரு நாள் கேட்டதற்கு, “பொண்ணு சொல்லிட்டா. அவ வந்து கூப்பிடட்டும்” என்றாராம்.

ஒரே ஊரில் இருந்தும் எனக்கு இது தெரியாது. குடிகாரன் எங்கே விழுந்து கிடக்கிறானோ என்று நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

அவரிடம் நீ வருகிறாய் என்றேன். உன்னிடம் அவர் சிரித்தார் என்றேன். பட்டை, செத்தவர்களைக் கும்பிடும் புத்தர் மாடத்தில் அவர் படத்துக்கு முன்னால் மடித்தபடி இருக்கிறது. அளவு சரியா என்று யாருக்கும் தெரியாது.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தோயோ

---

சகாய்
அக்டோபர் 14

அம்மாவுக்கு,

எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கெட்ட வார்த்தையாக வந்தது. கிழித்துப் போட்டேன். தோகுஜி குப்பையை அள்ளிப் போட்டார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று என்னால் எழுத முடியவில்லை. தந்தி வந்திருந்தால் நான் ரயில் ஏறியிருப்பேன், டாக்டர் காலைப் பிடித்து இழுத்திருந்தாலும் ஏறியிருப்பேன். ஏறியிருந்தால் மியோ இருந்திருப்பாளா என்று தெரியாது. இப்போது அவள் சிரிக்கத் தொடங்கியிருக்கிறாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் என் கண்முன் அப்பா வாசல் பக்கம் தலையைத் திருப்புகிறார். இதை நீ எனக்குக் கொடுத்திருக்கிறாய். ஆனால் உன்னைக் குறை சொல்லி முடிப்பதற்குள் என் குறை முன்னால் வந்து நிற்கிறது. நீ அவரை இரண்டு நாள் காக்க வைத்தாய். நான் ஆறு வருடம் ரோட்டில் நிற்க வைத்தேன். ஒரு அஞ்சலட்டை போதுமாக இருந்திருக்கும்.

உன் கடிதம் கையில் கிடைத்தது செப்டம்பர் இருபதாம் தேதி. என் கணக்கு நவம்பரில்தான் முடியும். அதற்குப் பிறகு போனால் நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகலாம் என்று இவர் சொல்கிறார். நான் அது வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. முதலில் சொன்ன நாளிலேயே வருகிறேன். மியோவுக்கு ஒன்றும் இல்லை, ஏழு வயதுக்குள் பிள்ளைகளுக்குத் தீட்டே கிடையாது என்று இங்கத்துப் பூசாரி சொன்னார். உனக்கு எப்போதோ முடிந்துவிட்டது. நீ அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போ. பெயரைச் சத்தமாகச் சொல்.

நான் வெளியே நிற்கிறேன். ரிகு அத்தையிடம் அந்த இடத்தைச் சரியாகக் காட்டச் சொல். கிட்டத்தட்ட என்று ஒரு இடத்தைக் காட்டிவிடக் கூடாது.

இருபத்தேழாம் தேதி. காலைப் பஸ்ஸில் வருவேன்.

மிசாவோ

---

அஞ்சலட்டை
அக்டோபர் 19

மிசாவோவுக்கு,

கடிதம் கிடைத்தது. காலைப் பஸ் என்று எழுதியிருந்ததை மாடத்தின் முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

ரிகு இடத்தைக் காட்டுவாள். அங்கே அவர் நின்று நின்று மண் கொஞ்சம் பள்ளமாக இருக்கிறது, தப்ப வழியில்லை. ஆனால் அந்த இடத்தில் கடல் காற்று நேராக வயிற்றில் அடிக்கும், பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆகாது. மாடத்தில் இருக்கும் பட்டையை எடுத்து வருகிறேன். அதைக் கட்டிக்கொண்டு நில்.

அம்மா